கண்டிக்கும் நியூத்திரினோவுக்கும் என்ன தொடர்பு?

1. கேள்வி

துணிக்கைப் பௌதிகவியலின் வரலாறு பெரும்பாலும் இடங்களின் பெயரால் சொல்லப்படுகிறது. ஜெனீவா என்றால் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள மோதுவளையம். கமியோக்கா என்றால் மலைக்கு அடியில் 50,000 தொன் தூய நீர். ஹோம்ஸ்டேக் என்றால் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் ஒரு பெருந்தாங்கி நிறைய உலர்சலவைத் திரவம். இந்த வரிசையில் கண்டியின் பெயர் வராது.

ஆனாலும் இந்த வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டும்போது இரண்டு இடங்களில் கண்டி தலைகாட்டுகிறது. முதலாவது 1904ஆம் ஆண்டு, கண்டியில் குடியிருந்த ஒரு புவியியலாளர் அடையாளங்கண்ட கனியம். இரண்டாவது 1972ஆம் ஆண்டு, பிற்காலத்தில் கண்டியின் ஹந்தானையில் ஒரு நிறுவகத்தை நடத்தப்போகிற இளம் பௌதிகவியலாளர் எழுதிய குறுங்கட்டுரை. இவ்விரண்டையும் பற்றி இரு வகைப் பேச்சுகள் நம்மிடையே உள்ளன. ஒன்று, அடிப்படை விஞ்ஞானம் நமக்கு எட்டாத பணக்கார நாடுகளின் விளையாட்டு, நாம் பார்வையாளர்கள் என்பது. மற்றது, எதை எடுத்தாலும் அதன் வேர் நம் மண்ணில்தான் என்று மார்தட்டுவது. இரண்டுக்குமே சான்றுகளை எடைபோடும் பொறுமை கிடையாது. அந்த எடைபோடலைச் செய்வதே இக்கட்டுரையின் வேலை: நியூத்திரினோவைத் தேடிய வரலாற்றில் கண்டிக்கு உண்மையாகவே பங்கு உண்டா? உண்டெனில் எவ்வளவு?

தேடப்பட்ட பொருளைப் பற்றி முதலில் சில சொற்கள். நியூத்திரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. திணிவு மிகமிகச் சிறிது. சடப்பொருளோடு அது இடைத்தாக்கம் புரிவது அபூர்வம். சூரியனின் மையத்திலிருந்து புறப்படும் நியூத்திரினோக்களில் ஏறத்தாழ 6,500 கோடி, ஒவ்வொரு செக்கனும் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரையும் கடந்து போகின்றன. பகலில் தலைவழியே நுழைபவை இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு கால்வழியே வருகின்றன. உடலுக்கோ மலைக்கோ இதனால் எதுவும் ஆவதில்லை. எதுவும் ஆகாததுதான் சிக்கல். ஒன்றையும் தொடாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

2. 1904: கருநிறக் கனசதுரங்கள்

ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை வரலாற்றாசிரியராகவே படித்து வந்திருக்கிறோம். அவருடைய முதற்தொழில் புவியியல். 1877இல் கொழும்பில் பிறந்த அவர், தந்தை சேர் முத்து குமாரசுவாமி இறந்தபின் தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார். 1903இல் இலங்கைக் கனிய அளவைப் பணியின் பொறுப்பை ஏற்று 1906 வரை அதை வகித்தார். அவரும் மனைவி எதெலும் அக்காலத்தில் கண்டியில் குடியிருந்தார்கள். மலையகக் கிராமங்கள் ஊடாகக் கனியம் தேடிச் சென்ற அதே பயணங்களில்தான் கண்டியக் கைவினைஞர்களைப் பற்றிய குறிப்புகளையும் இருவரும் திரட்டினார்கள். 1908இல் வெளியான ‘மத்தியகால சிங்களக் கலை’ அதன் விளைவு. ஒரு பையில் பாறைத்துண்டுகள், மற்றதில் ஓவியக் குறிப்புகள் என்று அவர் நடந்திருக்க வேண்டும்.

சப்ரகமுவவின் பலாங்கொடைப் பக்கத்தில் இரத்தினக்கல் தோண்டுவோர் ‘இல்லம’ எனும் கூழாங்கற் படையை ஆற்றுநீரில் அலசும்போது, கல்லைவிடப் பாரமான கருநிறச் சிறு கனசதுரங்கள் கூடையின் அடியில் தங்கும். இரத்தினம் தேடுபவருக்கு அதனால் பயனில்லை. குமாரசுவாமி அதைக் கதிர்த்தொழிற்பாடுடைய, யுரேனியம் கொண்ட கனியம் என முதலில் கருதினார். லண்டனில் பகுத்தாய்ந்தபோது பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. இம்பீரியல் நிறுவகத்தின் டன்ஸ்டன், பல்கலைக்கழகக் கல்லூரியின் வில்லியம் ராம்சே ஆகிய இருவரும் 1904இன் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து இதுபற்றி எழுதினார்கள். கனியத்துக்குத் தோரியனைற்று என்று பெயர் வந்தது.

இந்தக் கண்டுபிடிப்பைப் பேரரசு எதற்காக விரும்பியது என்பதில் மயக்கம் வேண்டாம். அப்போது ஐரோப்பிய நகரத் தெருக்களில் எரிந்த வாயுவிளக்குகளின் வலைத்திரிகள் தோரியம் நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்துச் செய்யப்பட்டவை. தோரியம் வணிகச் சரக்கு. எந்த மண்ணில் எந்தச் சரக்கு கிடைக்கும் என்று கணக்கெடுப்பதுதான் கனிய அளவைப் பணி. கைத்தொழில் நாகரிகம் கிழக்கின் கைவினையை அழிக்கிறது என்று கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய அதே மனிதர், அந்த நாகரிகத்தின் விளக்குத்திரிக்கு மூலப்பொருள் தேடும் உத்தியோகத்தில் இருந்தார். இந்த முரணை அவரும் உணர்ந்திருப்பார் என்றே எண்ணத் தோன்றுகிறது. 1906இன் முடிவில் அப்பணி முடிந்தது. புவியியலுக்கு அவர் திரும்பவில்லை.

3. லண்டனில் நடந்தது

விஞ்ஞானிகளின் ஆர்வம் வேறு திசையில் இருந்தது. ஒரு கிராம் தோரியனைற்றைச் சூடாக்கினால் ஏறத்தாழ 9 கன சென்றிமீற்றர் ஈலியம் வெளிவந்தது. பூமியில் ஈலியம் இருப்பதை 1895இல் முதலில் காட்டிய ராம்சேக்கு இது பெரும் புதையல். தோரியத்தின் சிதைவில் வெளிப்பட்ட அல்பாத் துணிக்கைகள் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டு ஈலியமாகத் தேங்கியிருந்தன. ஆர். ஜே. ஸ்ட்ரட் சில ஆண்டுகளின்பின் இதே கனியத்தில் ஈலியம் உருவாகும் வேகத்தை அளந்து பாறைகளின் வயதைக் கணிக்க முயன்றார்.

எமது கேள்விக்கு முக்கியமானவர் வேறொருவர். ஓட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானிய இரசாயனவியலாளர் 1904இல் ராம்சேயிடம் வந்தார். கதிர்த்தொழிற்பாடு அவரது துறையல்ல. ஆங்கிலம் பழகிக்கொண்டு திரும்பிப்போய் ஒரு இரசாயனக் கம்பனியில் சேர்வதே அவருடைய திட்டம். ராம்சே அவரிடம், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்த பேரியம் உப்பைக் கொடுத்து அதிலுள்ள ரேடியத்தைத் தனியாக்கித் தரச் சொன்னார். ரேடியத்துடன் இன்னொன்றும் இருப்பதை 1905இல் ஹான் கண்டார். அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இன்றைய மொழியில் அது தோரியம் 228. அமெரிக்கரான போல்ட்வுட், இது தோரியம் எக்ஸும் மடமையும் கலந்த சேர்வை என்று நண்பருக்குக் கடிதத்தில் கேலி செய்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். ராம்சே, ஹானைக் கம்பனிக்குப் போகவிடாமல் பேர்லினில் எமில் ஃபிஷருக்குப் பரிந்துரைத்தார். இடையில் மொன்றியலில் றதர்ஃபர்டிடம் ஒரு காலம் பயின்று, 1906இல் ஹான் பேர்லினுக்குப் போனார். அடுத்த ஆண்டு வியன்னாவிலிருந்து லீசெ மைட்னர் அங்கு வந்து சேர்ந்தார்.

நியூத்திரினோவின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஹானும் மைட்னரும் பீற்றாக் கதிர்களை, அதாவது கருவிலிருந்து பாயும் இலத்திரன்களை அளந்தார்கள். ஒரே வகை அணுவிலிருந்து வரும் இலத்திரன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சக்தி இருக்கும் என்பது அவர்களின் எடுகோள். 1914இல் பௌதிகவியலாளர் சட்விக் எண்ணியைக் கொண்டு அளந்தபோது அந்த எடுகோள் உடைந்தது. இலத்திரன்கள் பூச்சியத்துக்கு அருகிலிருந்து ஓர் உச்சம் வரை எல்லாச் சக்திகளிலும் வந்தன. 1927இல் எலிஸும் வூஸ்டரும் கலோரிமானியில் அளந்து, சராசரிச் சக்தி உச்சத்தின் மூன்றிலொரு பங்கே எனக் காட்டினார்கள். மைட்னரும் ஓத்மனும் அதை மீண்டும் செய்து உறுதிப்படுத்தினர். மிச்சச் சக்தி எங்கே போயிற்று? சக்திக் காப்பு விதியையே கைவிடலாம் என்றார் நீல்ஸ் போர். 1930 டிசெம்பர் 4ஆம் திகதி வொல்ஃப்காங் பௌலி, மைட்னர் உள்ளிட்டோர் கூடியிருந்த ஒரு மாநாட்டுக்குக் கடிதம் எழுதி, கண்ணுக்குச் சிக்காத ஒரு துணிக்கை அந்தச் சக்தியை எடுத்துச் செல்கிறது என்று யோசனை சொன்னார்.

4. சங்கிலி எங்கே அறுகிறது

இப்படி அடுக்கும்போது கதை அழகாக ஓடுகிறது: கண்டி, லண்டன், பேர்லின், பௌலி. இத்தகைய அழகைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலாவது தடை புவியியல் சார்ந்தது. கனியம் கிடைத்தது பலாங்கொடைப் பக்கத்தில். கண்டி, அதை இனங்கண்டவரின் குடியிருப்பு மட்டுமே. இரண்டாவது தடை இன்னும் கடினமானது. ஹானும் மைட்னரும் பேர்லினில் பயன்படுத்திய தோரியம் வழிப் பொருள்கள் ஜெர்மன் தோரியத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. அத்தகைய தொழிற்சாலைகளின் மூலப்பொருள் பெரும்பாலும் பிரேசிலின் மொனசைற்று மணல். எலிஸும் வூஸ்டரும் அளந்த ரேடியம் ஈ, தோரிய வரிசையைச் சேர்ந்ததே அல்ல. யுரேனிய வரிசையில் வருவது. ஆகவே பௌலியின் கடிதத்துக்கு இட்டுச்சென்ற அளவீடுகளில் இலங்கைக் கல் ஒரு துகளும் இல்லை. பொருள்வழித் தொடர்பு 1905உடன் முடிகிறது.

எஞ்சுவது ஆள்வழித் தொடர்பு. தோரியனைற்று கைக்கு வராதிருந்தால் ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டிருக்க மாட்டார், கம்பனிக்குப் போயிருப்பார், மைட்னருக்கு வேறொரு கூட்டாளி வாய்த்திருப்பார். இந்த ‘இருந்திருந்தால்’ வாதம் சுவையானது, ஆனால் வலுவற்றது. பீற்றாச் சக்திப் புதிரைத் தீர்மானமாக முன்வைத்தவர் சட்விக். அவர் ஹானிடம் பயின்றவரல்லர். தோரியனைற்று இல்லாமலும் நியூத்திரினோ கண்டறியப்பட்டிருக்கும் என்பதே என் முடிவு. குமாரசுவாமியை மேரி கியூரியுடன் இணைக்கும் கதைகளும் நம்மிடையே உலவுகின்றன. அவை உண்மையாக இருந்தாலும் இந்தத் தராசில் எடை கூடாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

இருந்தாலும், அறுந்த பொருள்வழித் தொடர்பு வேறொரு வாசலால் திரும்பி வருகிறது. ஒரு கிராம் தோரியத்தில் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. தோரியம் 232 ஈயமாகும் வரை ஆறு அல்பாச் சிதைவுகளும் நான்கு பீற்றாச் சிதைவுகளும் நிகழும். ஒவ்வொரு பீற்றாச் சிதைவும் ஓர் எதிர்நியூத்திரினோவை வெளிவிடும். எனவே வரிசை முழுவதும் சமநிலையில் உள்ள பழைய கனியத்தில், ஒரு கிராம் தோரியத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 16,000 எதிர்நியூத்திரினோக்கள். குமாரசுவாமியின் பெட்டிக்குள் கிடந்த கருங்கற்கள், பௌலி அத்துணிக்கையை நினைப்பதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கொட்டிக்கொண்டிருந்தன. மலையகத்தின் பாறைகள் இப்போதும் கொட்டுகின்றன. பூமிக்குள்ளிருக்கும் யுரேனியமும் தோரியமும் அனுப்பும் இந்த எதிர்நியூத்திரினோக்களை 2005இல் ஜப்பானின் கம்லாண்ட் கருவி முதன்முறையாகப் பதிவுசெய்தது. பூமியின் உள்வெப்பத்தில் எவ்வளவு பங்கு கதிர்த்தொழிற்பாட்டால் வருகிறது என்று கேட்பதற்கு இன்று அது ஒரு வழி. ஆனால் கல் எதைக் கொட்டினாலும், எண்ணுகிறவர் இல்லாதவரை அது அறிவாகாது. இந்த வேறுபாடு கட்டுரையின் கடைசிப் பகுதியில் மீண்டும் வரும்.

ஒரு சிறு குறிப்பு. 2004இல் இந்திய அரசு ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்துக்கு இரண்டு மீற்றர் உயர நடராசர் சிலையொன்றை அன்பளிப்பாக வழங்கியது. சிலையின் பீடப் பலகையில் ஆனந்த குமாரசுவாமியின் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உலகின் மிகப் பெரிய துணிக்கை ஆய்வுகூடத்தின் முற்றத்தில் அவர் சிவதாண்டவத்தின் உரையாசிரியராக நிற்கிறார். தோரியனைற்றை இனங்கண்டவரும் அவரே என்பதை அந்தப் பலகையைப் படிப்போரில் எத்தனை பேர் அறிவர்?

5. 1972: திணிவு பற்றிய குறுங்கட்டுரை

இரண்டாவது இழை முதலாவதைவிட உறுதியானது. நம்மவர்களால் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

1956இல் ரைன்ஸும் கோவனும் சவானா ஆற்றங்கரை அணுவுலையருகே எதிர்நியூத்திரினோவைக் கண்டறிந்தபின், அது இருக்கிறதா என்ற கேள்வி தீர்ந்தது. 1960களின் இறுதியில் ரேமண்ட் டேவிஸ் புதிய தலைவலி ஒன்றைக் கொண்டுவந்தார். தென் டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில், ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில், 3,80,000 லீற்றர் குளோரின் சேர்ந்த திரவத்தை நிரப்பிச் சூரிய நியூத்திரினோக்களுக்காக அவர் காத்திருந்தார். எதிர்பார்த்ததில் மூன்றிலொரு பங்கே வந்தது. சூரியனைப் பற்றிய கணக்குப் பிழையா, டேவிஸின் எண்ணல் பிழையா, வழியில் நியூத்திரினோவுக்கு ஏதும் நேர்கிறதா என்று மூன்று தரப்புகள் உருவாகின.

அன்று ஏற்கப்பட்டிருந்த கொள்கையில் நியூத்திரினோவுக்குத் திணிவு இல்லை. 1972இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சந்திப் பக்வாசாவும் அவருடன் இணைந்து பணியாற்றிய இலங்கையரான கீர்த்தி தென்னக்கோனும், திணிவுள்ள நியூத்திரினோக்கள் பற்றிய கட்டுரையை ‘பிசிக்கல் ரிவ்யூ லெற்றர்ஸ்’ இதழின் 28ஆம் தொகுதியில் வெளியிட்டனர். திணிவு இருந்தால் நியூத்திரினோ நிலையற்றதாகவும் இருக்கலாம். சூரியனிலிருந்து பூமிக்கு வரும் எட்டு நிமிடச் சொச்சத்தில் சிதைந்துபோகவும் கூடும். திணிவற்ற துணிக்கைக்கு ஓய்வுநிலைக் காலமே கிடையாது என்பதால் அது தானாகச் சிதைய முடியாது. ஆக, சிதைவு பற்றிய கேள்வி எப்போதும் திணிவு பற்றிய கேள்வியே. அதே ஆண்டில் அதே இதழில் பாகால், கபிபோ, யாஹில் ஆகியோரும் நியூத்திரினோ நிலையானதா என்று கேட்டிருந்தனர். சிதைவு வழியாகச் சூரியப் புதிரை விளக்கும் முயற்சிகளைப் பேசும் பிற்காலக் கட்டுரைகள் இவ்விரண்டையும் சேர்த்தே சுட்டுகின்றன.

இந்தக் கட்டுரையை வரலாறு எப்படித் தீர்ப்பிட்டது? பாதி சரி என்று. 1987 பெப்ரவரியில், ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்த நியூத்திரினோக்களை மூன்று கருவிகள் பிடித்தன. மொத்தம் இரண்டு டசின் அளவு. அவ்வளவு தூரம் சிதையாமல் வந்தவை எட்டு நிமிடத்தில் சிதையும் என்பது நம்பத்தகுந்ததல்ல. 2001-02இல் கனடாவின் சட்பரி ஆய்வுகூடம், சூரிய நியூத்திரினோக்கள் காணாமற்போகவில்லை, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்று காட்டியது. 1998இல் சூப்பர் கமியோக்காண்டே வளிமண்டல நியூத்திரினோக்களில் அதே மாற்றத்தைக் காட்டியிருந்தது. வகை மாறுவதற்குத் திணிவு தேவை. எனவே, சிதைவு விடையல்ல. திணிவு உண்டு என்பது உண்மை. எவ்வளவு திணிவு என்பது இன்னும் தெரியாது. ஜெர்மனியின் கத்ரின் பரிசோதனை 2025இல் தந்த மேல்வரம்பு 0.45 இலத்திரன்வோல்ற்று, இலத்திரனின் திணிவோ 5,11,000 இலத்திரன்வோல்ற்று.

தவறான விடையோடு சரியான கேள்வியை எழுப்பியதற்கு என்ன மதிப்பெண் தருவது? பரீட்சையில் குறைவுதான். ஆராய்ச்சியில் கணிசமாகத் தரலாம் என்பது என் எண்ணம். திணிவற்றது என்பதே பாடநூல் வாக்காக இருந்த காலத்தில் மாற்றுச் சாத்தியத்தின் விளைவுகளைக் கணக்கிட்டு அச்சேற்றியவர்களின் எண்ணிக்கை சிறியது. ஆயினும் இங்கும் கண்டியின் உரிமைகோரல் அடக்கமாகவே இருக்கவேண்டும். கட்டுரை பிறந்த இடம் ஹவாய்.

தென்னக்கோன் பிற்காலத்தில் இயக்குநராக இருந்தது ஹந்தானையின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில். 1981இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட அது, சந்திர விக்கிரமசிங்க, சிரில் பொன்னம்பெரும ஆகியோரின் தலைமையையும் கண்டது. ஹந்தானையில் தென்னக்கோன் பெற்ற உலகப் பெயர் நியூத்திரினோவால் அல்ல. சாயமூட்டிய குறைகடத்திகளைக் கொண்ட சூரியக்கலங்களால். அவரது சொந்தக் காரணங்களை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. இடத்தின் காரணத்தை மட்டும் பார்க்கலாம். சூரியக்கலத்தை ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் செய்து, அங்கேயே அளந்து, பிழையை அன்றைக்கே கண்டு திருத்தலாம். நியூத்திரினோவைப் பற்றி ஹந்தானையில் இருந்து சிந்திக்கலாம், அளக்க முடியாது. கொள்கையாளருக்குத் தாள் போதும் என்பது அரை உண்மை. பக்கத்து அறையில் அளப்பவர் இருந்தால்தான் தாளில் எழுதுவது கூர்மைப்படும்.

6. ஆழம் என்ற பிரச்சினை

அளப்பதற்கு என்ன தேவை? முதல் தேவை ஆழம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவோன்கள், கடல்மட்டத்தில் சதுர சென்றிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் பொழிகின்றன. இந்த அடைமழையில் நியூத்திரினோவின் ஒற்றைத் துளியைக் கேட்க முடியாது. மேலே பாறை வேண்டும். மியூவோன் பாறையில் தேங்கும், நியூத்திரினோ தேங்காது.

தென்னாசியாவில் இதை முதலில் செய்த இடம் கோலார் தங்க வயல். 1960களின் தொடக்கத்தில் ராற்றா நிறுவகத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர்கள் அங்குள்ள சுரங்கங்களின் ஒவ்வொரு மட்டத்திலும் மியூவோன்களை எண்ணிக்கொண்டு இறங்கினார்கள். மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றும் பதியவில்லை. அந்த மௌனமே நியூத்திரினோவைத் தேட ஏற்ற இடம் இதுவென்று அவர்களுக்குச் சொன்னது. ராற்றா, ஒசாக்கா, டர்ஹாம் கூட்டணி 2.3 கிலோமீற்றர் ஆழத்தில் கருவிகளை வைத்தது. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், மியாக்கே, வொல்ஃபண்டேல் ஆகியோர் அதில் இருந்தனர். வளிமண்டல நியூத்திரினோ பற்றிய அவர்களின் அறிக்கை 1965 ஓகஸ்ட் 15ஆம் திகதி வெளியானது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருந்த ரைன்ஸின் குழு அந்த ஆண்டு பெப்ரவரியிலேயே முதல் நிகழ்வைப் பதிந்திருந்தது. ஆனால் அதன் கட்டுரை இரு வாரம் பிந்தியே அச்சானது. முந்தியது யார் என்பதை, முந்துதல் என்பதற்கு நீங்கள் தரும் பொருளே தீர்மானிக்கும்.

கோலாரின் குழியைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். தங்கத்துக்காகத் தோண்டிய ஆழத்தைப் பௌதிகவியல் இரவல் வாங்கியது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அந்த ஆழமும் நீரில் மூழ்கியது. ஹந்தானைச் சரிவின் தேயிலையை நட்டவர்களும் தென்னிந்தியத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களே. நிறுவகத்துக்கும் லயன் அறைகளுக்கும் இடையே உள்ள தூரம் நடந்தால் சில நிமிடம். வேறு கணக்கில் மிக நீளம்.

கோலாருக்கு ஈடாகத் திட்டமிடப்பட்டதே தேனி மாவட்டம் பொட்டிபுரத்தின் இந்திய நியூத்திரினோ ஆய்வுகூடம். கண்டிக்கு மிக அருகில் வந்திருக்கக்கூடிய நியூத்திரினோ ஆய்வுகூடம் அதுதான். போடி மேற்கு மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் சுரங்கப்பாதை, முடிவில் 50,000 தொன் காந்த இரும்பு. நீலகிரியின் சிங்காரா 2009இல் புலிகள் காப்பகத்தைக் காரணம் காட்டி மறுக்கப்பட்ட பின் தேர்ந்த இடம் அது. 2015 ஜனவரியில் இந்திய அமைச்சரவை அனுமதித்தது. எதிர்ப்பு எழுந்தது; வழக்குகள் நடந்தன. 2022 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்தை ஏற்க முடியாது எனத் தெரிவித்தது.

அந்த விவாதத்தில் இரு வேறு அச்சங்கள் ஒன்றாகக் கலந்தன. நியூத்திரினோ உடலுக்குத் தீங்கு செய்யும் என்பது ஆதாரமற்றது. தீங்கு செய்யும் ஆற்றல் அதற்கு இருந்தால் அதைப் பிடிக்க 50,000 தொன் இரும்பு தேவைப்பட்டிராது. ஆனால் மலையைக் குடைவதால் நீர்வழிகளுக்கும் காட்டு விலங்குகளின் நடமாட்டத்துக்கும் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர்களை விஞ்ஞான விரோதிகள் என்று தள்ளியதில் ஆதரவாளர்களும் தவறினார்கள். முதல் அச்சத்தின் பலவீனத்தைக் கொண்டு இரண்டாவதை மூடிவிட முயன்றது அவர்களின் பெரிய பிழை.

கண்டியில் மலையைக் குடையும் யோசனை எழுந்தால் அதே கேள்விகள் இன்னும் கூர்மையாக எழும், எழவும் வேண்டும். ஹந்தானை பாதுகாக்கப்பட்ட சுற்றாடற் பிரதேசம். மண்சரிவு எச்சரிக்கை மழைக்காலந்தோறும் வரும் ஊர் இது. 2020 ஓகஸ்டில் திகனையில் உணரப்பட்ட சிறு நிலநடுக்கங்களுக்குப் பின், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பெயரைச் சொல்லாமல் இங்கு யாரும் நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. புதிய குகை வேண்டாம்.

ஆனால் பழைய குழிகள் உண்டு. குருணாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ, கேகாலை மாவட்டத்தின் போகல ஆகிய காரீயச் சுரங்கங்கள் கண்டியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. உலகில் அரிதான நரம்புவகைக் காரீயத்தைத் தேடி அங்கு நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம்வரை இறங்கியிருக்கிறார்கள். கோலாருக்கு முன் இது சிறிய ஆழம்தான். அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேறு இரண்டு எண்களைப் பக்கத்தில் வைக்கவேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள சூடான் இரும்புச் சுரங்க ஆய்வுகூடம் ஏறத்தாழ 700 மீற்றர் ஆழத்தில் நியூத்திரினோவையும் கரும்பொருளையும் தேடியது. ஜார்க்கண்டின் ஜடுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீற்றர் ஆழத்தில் சாகா நிறுவகம் 2017இல் சிறு ஆய்வுகூடமொன்றைத் திறந்தது. புதிய மலையைக் குடையவில்லை. இயங்கும் சுரங்கத்தின் ஒரு மூலையைக் கேட்டு வாங்கியது. இத்தகைய ஆழத்தில் மியூவோன் மழை பல்லாயிரம் மடங்கு தணிந்துவிடும்.

எனது தீர்ப்பு இது. நியூத்திரினோ வரலாற்றில் கண்டியின் பங்கு உண்மையானது, சிறியது, இரண்டு முறையும் இடையில் அறுந்தது. 1904இல் கல் இங்கிருந்தது, அளவுகோல் லண்டனில் இருந்தது. 1972இல் சிந்தனையாளர் நம்மவர், தராசு தென் டகோட்டாவில் இருந்தது. இரண்டு முறையும் குறைந்துபோனது மூளையும் அல்ல, மூலப்பொருளும் அல்ல, எண்ணுகிற கருவி.

அந்தக் கருவி இன்று எட்டாத விலையில் இல்லை. பிளாஸ்ரிக் மினுமினுப்பிகள் இரண்டும் சிறு மின்சுற்றும் கொண்ட மியூவோன் எண்ணியைச் சில நூறு டொலருக்குள் மாணவர்களே கட்டிவிடலாம். ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல், புவியியல் துறைகளுக்கும் ஹந்தானை நிறுவகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கோலாரில் 60 ஆண்டுகளுக்கு முன் செய்ததுபோல, ஓர் எண்ணியை எடுத்துக்கொண்டு கஹட்டகஹவின் ஒவ்வொரு மட்டத்திலும் சில நாள் வைத்து, மேலே உள்ள பாறையின் தடிப்பையும் கீழே வந்த மியூவோன்களின் எண்ணிக்கையையும் ஓர் அட்டவணையாக வெளியிடுங்கள். சுரங்கத் தொழிலாளர்களின் பெயர்களையும் கட்டுரையாளர் வரிசையிலேயே சேருங்கள்.